குன்றிலிருந்து இறங்கும் தெரு

பாரிஸ் மாநகரத்தைப் பார்க்க வருகிறவர்கள் பெரும்பாலும் சேன் நதியின் இரு கரைகளிலேயே பொழுதைப் போக்கிவிட்டு, ஐஃபல் கோபுரத்தையும் லூவர் சித்திரசாலையையும் கண்ணாரக் கண்ட பிறகு, நேரம் மிஞ்சினால்தான் தென்கரையிலுள்ள புனித ஜெனவியேவ் குன்றின் பக்கம் தலைகாட்டுகிறார்கள். குன்று என்றவுடன் நம்முடைய மலைக்கோட்டையையும் பழனியையும் மனத்தில் வைத்துக்கொண்டு போகிறவர் ஏமாந்துபோவார். பேச்சை நிறுத்தாமலே ஏறிவிடக்கூடிய மேடுதான் அது. ஆயினும் பல நூற்றாண்டுகளாகப் பிரான்ஸ் தேசத்தின் வித்தை அந்த மேட்டில்தான் குடியிருந்து வந்திருக்கிறது. சோர்போன் சர்வகலாசாலை அதன் சரிவில் நிற்க, உச்சியில் பழைய சட்டக் கல்லூரியும், ஜெனவியேவ் பெயர் தாங்கிய பெரிய நூல்நிலையமும், தேசத்தின் மகா புருஷர்களை அடக்கம் செய்து வைத்திருக்கும் பாந்தெயோன் மண்டபமும் ஒரே சதுக்கத்தைச் சுற்றி அமர்ந்திருக்கின்றன.

நான் அந்தக் குன்றைத் தேடிப் போன காரணம் இந்த மாளிகைகளைச் சேர்ந்ததன்று. தமிழ்நாட்டில் கத்தோலிக்கப் பங்குகளோடு பழகியவர்களுக்கு வின்சென்ட் தே பவுல் சபை என்ற பெயர் சிறு வயதிலேயே காதில் விழுந்திருக்கும். கோவிலை ஒட்டிய ஓர் அறையில் வாரம் ஒருமுறை நாலைந்து பேர் கூடுவார்கள். ஒரு செபம் சொல்வார்கள். எந்தத் தெருவில் எந்த விதவையின் வீட்டுக்குப் போய் வந்தோம், அங்கே என்ன குறை, என்ன கொடுத்தோம் என்று நோட்டுப் புத்தகத்தைப் பார்த்து வாசிப்பார்கள். கடைசியில் ஒரு பை கைமாறிப் போகும், அதில் யார் எவ்வளவு போட்டார் என்பது பக்கத்தில் இருப்பவருக்கும் தெரியாது. இந்த எளிய சம்பிரதாயம் இன்று சுமார் 150 நாடுகளில் நடைபெறுகிறது. இதை முதன்முதலில் ஏற்படுத்தியவர்கள் குருமார் அல்லர், பிரபுக்கள் அல்லர், இந்தக் குன்றின்மேல் படித்துக்கொண்டிருந்த மாணவர்கள் என்பதை அறிந்திருந்த நான், அவர்கள் நடந்த தெருக்களில் ஒருமுறை நடந்து பார்க்க வேண்டும் என்று நெடுநாளாக ஆசை கொண்டிருந்தேன். மாசி மாதத்துக் குளிரில் அது கைகூடிற்று.

பாந்தெயோனுக்குப் பின்புறம், அதன் பிரமாண்டமான தூண்களுக்கு அஞ்சி ஒதுங்கியதுபோல் நிற்கிறது புனித முடியப்பர் ஆலயம்; ‘செந்த் எத்தியேன் து மோன்’ என்று பிரெஞ்சுக்காரர்கள் அழைப்பது. உள்ளே நுழைந்ததும் கண்ணைக் கவர்வது பீடத்துக்கும் ஜனங்களுக்கும் நடுவே வளைவாக எழும்பி நிற்கும் வெண்கல் மேடை. இருபுறமும் தூணைச் சுற்றிச் சுற்றி ஏறும் படிக்கட்டுகளோடு, கல்லைத் துணியாக்கிப் பின்னல் வேலை செய்ததைப் போன்ற அத்தகைய மேடை பாரிஸ் நகரத்தில் இது ஒன்றுதான் எஞ்சியிருக்கிறது. பாஸ்கலும் ரசீனும் இங்கேதான் அடக்கமாகியிருக்கிறார்கள். நகரத்தின் காவல் புனிதையான ஜெனவியேவின் சமாதிப் பேழைக்கு முன்னால் மெழுகுவர்த்திகள் எரிந்துகொண்டிருந்தன. கையில் புத்தகப் பையோடு இரண்டு பெண்கள் வந்து, ஒரு வர்த்தியை ஏற்றிவைத்து, பரீட்சைக்குப் போகிற அவசரத்தோடு வெளியேறினார்கள்.

1831-ஆம் ஆண்டின் இறுதியில் லியோன் நகரத்திலிருந்து சட்டம் படிப்பதற்காக இந்தக் குன்றுக்கு வந்து சேர்ந்தான் பதினெட்டு வயதான பிரடெரிக் ஓசானாம். மின்சாரத்தின் அளவைக்கு இன்று உலகமே எவருடைய பெயரைச் சொல்கிறதோ அந்த ஆம்பியர் என்ற பேரறிஞர், தம் வீட்டில் ஓர் அறையை அவனுக்குக் கொடுத்து உதவினார். நம்பிக்கை தளர்ந்திருந்த ஒரு வேளையில் இந்த ஆலயத்துக்குள் நுழைந்த ஓசானாம், ஒரு மூலையில் முழந்தாளிட்டு ஜெபமாலை உருட்டிக்கொண்டிருந்த கிழவரைக் கண்டு, அவர் ஆம்பியர் என்று தெரிந்ததும் வியந்து நின்றான் என்று அவனுடைய சரித்திரத்தை எழுதியவர்கள் சொல்லுகிறார்கள். அடுத்த ஆண்டிலேயே காலரா என்னும் கொள்ளைநோய் பாரிஸில் புகுந்தது. 18,000 பேருக்கு மேல் மாண்டார்கள். நாட்டின் பிரதம மந்திரியே அதற்குப் பலியானார். ஆனாலும் அந்த நோய் எல்லாத் தெருக்களையும் ஒரே கண்ணால் பார்க்கவில்லை. காற்றும் வெளிச்சமும் இல்லாத ஏழைகளின் தெருக்களில்தான் அது கூட்டங்கூட்டமாக வாரிக்கொண்டு போயிற்று.

அக்காலத்தில் மாணவர்கள் ஒரு விவாத சங்கம் வைத்திருந்தார்கள். சரித்திரம், தத்துவம், சமயம் எல்லாம் அங்கே அலசப்படும். கிறிஸ்தவ மதத்தின் பெருமையை ஓசானாமும் அவனுடைய நண்பர்களும் எடுத்துரைத்தபோது, சேன் சிமோன் என்பவரின் சமதர்மக் கொள்கையைத் தழுவிய இளைஞர்கள் எதிர்க்கட்சியில் எழுந்து, உங்கள் மதம் ஒரு காலத்தில் பெரிய காரியங்களைச் செய்தது வாஸ்தவந்தான், இப்போது நீங்கள் என்ன செய்கிறீர்கள், அதைக் காட்டுங்கள் என்று மடக்கினார்கள். சாதுரியமான பதில்கள் ஓசானாமுக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் அந்தக் கேள்விக்கு வாயால் பதில் சொல்வது வெட்கக்கேடு என்று அவனுக்குப் பட்டது. குளிர்காலத்துக்கென்று வாங்கி வைத்ததில் மிஞ்சியிருந்த விறகை, அவனும் லெ தாயாந்தியே என்ற நண்பனும் தாங்களே சுமந்துகொண்டு போய் ஓர் ஏழையின் வீட்டில் இறக்கினார்கள். வேலைக்காரனிடம் கொடுத்தனுப்பியிருந்தால் விறகு போய்ச் சேர்ந்திருக்கும். அந்த வீட்டின் படிக்கட்டு எவ்வளவு செங்குத்தானது என்பதும், மேலே எத்தனை பேர் ஒரே அறையில் படுத்திருக்கிறார்கள் என்பதும் அவர்களுக்குத் தெரிந்திராது.

1833-ஆம் ஆண்டு ஏப்ரல் 23-ஆம் தேதி, ஓசானாமுக்கு இருபது வயது நிறைந்த தினத்தில், சேன் சுல்பீஸ் ஆலயத்துக்கு அருகில் ஒரு பத்திரிகை அலுவலகத்தில் ஏழு பேர் கூடினார்கள். பத்திரிகையை நடத்திய எம்மானுவேல் பாயி மட்டும் நடுவயதினர். மற்றவர்கள் எல்லாரும் இருபதைச் சுற்றிய பிராயத்து மாணவர்கள். ஏழைகளை அவர்களுடைய வீட்டுக்கே சென்று காண்பது என்ற ஒரே விதியோடு சபை பிறந்தது. பதினேழாம் நூற்றாண்டில் இதே நகரத்தில் அநாதைகளையும் கைதிகளையும் பேணிய வின்சென்ட் தே பவுல் என்ற குருவானவரின் பெயரை அதற்குப் பிற்பாடு சூட்டினார்கள். எண்ணிக்கை நூறைத் தாண்டியதும், நட்பு குலைந்துபோகுமே என்று சிலர் வருந்தியும், ஓசானாம் பிடிவாதமாக நின்று, பங்குக்கு ஒரு கிளையாகப் பிரிக்கச் செய்தான். சர்வகலாசாலையில் பிறந்தது பங்குக் கோவிலுக்குக் குடிபெயர்ந்த கதை அதுதான். அன்றைக்குச் சிநேகத்தை முன்னிட்டுப் பிரியாமல் இருந்திருந்தால், படித்த பிள்ளைகளின் இனிய சங்கமாகச் சில வருஷங்கள் வாழ்ந்து மறைந்திருக்கும் என்றே நினைக்கிறேன்.

ஆலயத்தை விட்டு வெளியே வந்து தெற்கு நோக்கித் திரும்பினால் சில நிமிஷ நடையில் கோந்த்ரஸ்கார்ப் என்ற சிறு சதுக்கம் வருகிறது. அங்கிருந்து குன்றின் மறுபுறமாக வளைந்து வளைந்து கீழே இறங்குவது மூஃப்தார் தெரு. ரோமாபுரியார் காலத்துப் பாதை என்கிறார்கள். இப்போது இருமருங்கும் உணவு விடுதிகளும் பாற்கட்டிக் கடைகளும் நிறைந்து, கீழ்க்கோடியில் காய்கறிச் சந்தை களைகட்டியிருக்கிறது. ஒரு கடைக்காரர் கத்தரிக்காய்களைத் துணியால் துடைத்துத் துடைத்து நகைபோல் அடுக்கிக்கொண்டிருந்தார். அவற்றின் விலையைப் பார்த்த பிறகு அந்த மரியாதை பொருத்தந்தான் என்று தோன்றியது. ஓசானாமின் காலத்தில் இது குப்பை பொறுக்குவோரும், தோல் பதனிடுவோரும், சாயத் தொழிலாளிகளும் அடைந்து கிடந்த சேன் மார்சோ புறநகரின் நடுநரம்பு. சரிவின் அடியில் ஓடிய பியேவ்ர் என்ற சிற்றாறு தோல் தொட்டிகளின் கழிவையெல்லாம் ஏந்திக்கொண்டு நாறியது. 1912-ல் அதை மூடிவிட்டார்கள். இப்போது தெருக்களுக்கு அடியில் எங்கோ போகிறது.

என்னை வியப்பில் ஆழ்த்தியது தூரத்தின் குறைவு. சோர்போனின் வாசலிலிருந்து இந்தச் சந்தைக்கு நான் ஆற அமர நடந்தே அரை மணிக்குள் வந்துவிட்டேன். தேசத்தின் தலைசிறந்த மூளைகள் ஒரு சரிவிலும், தேசத்திலேயே கொடிய தரித்திரம் மறு சரிவிலுமாக ஒரே குன்றில் முதுகோடு முதுகு ஒட்டி வாழ்ந்திருக்கின்றன. அரசியல் பொருளாதாரம் போதித்தவர்கள் எத்தனையோ பேர் கீழே இறங்காமலே ஆயுள் முழுவதும் போதித்துவிட்டுப் போயிருக்க வேண்டும்.

இறங்கிப் போக விரும்பினாலும் எந்தக் கதவைத் தட்டுவது என்று தெரியவேண்டுமல்லவா? மூஃப்தார் தெருவிலிருந்து கிளை பிரியும் எப்பே து புவா என்ற குறுகிய தெருவில்தான் அதைச் சொல்லிக்கொடுத்தவர் வாழ்ந்தார். பிறரன்பின் புதல்வியர் சபையைச் சேர்ந்த அருட்சகோதரி ரோசாலி, ஜூரா மலைப்பகுதியில் 1786-ல் பிறந்து, இளம் பெண்ணாக இந்தப் பகுதிக்கு வந்து, சுமார் அரை நூற்றாண்டு இங்கேயே உழைத்தவர். பாடசாலை, மருந்துச்சாலை, குழந்தைகள் காப்பகம் என்று ஒவ்வொன்றாக எழுப்பியவர். கொள்ளைநோயின்போது வீடு வீடாக நுழைந்து பணிவிடை செய்தவர். மாணவர்கள் அவரிடம் வந்து நின்றபோது, குடும்பங்களின் பெயர்ப் பட்டியலையும், ரொட்டிச் சீட்டுகளையும் இறைச்சிச் சீட்டுகளையும் கொடுத்ததோடு, எப்படிப் போகவேண்டும் என்பதையும் கற்பித்தார். உட்காரச் சொன்னால் உட்கார வேண்டும். பேசவிட்டுக் கேட்க வேண்டும். முகம் சுளிக்கக் கூடாது. ஏழையைத் திருத்துவதற்கு முன்னால் அவன் நிலையை அறிந்துகொள்ள வேண்டும். சர்வகலாசாலையில் இல்லாத பாடம் அது.

அவருடைய துணிவுக்கு ஒரு சம்பவத்தை எல்லாரும் சொல்லுகிறார்கள். 1848-ஆம் ஆண்டு ஜூன் மாதத் தொழிலாளர் கலகத்தில், கலகக்காரர்கள் துரத்தி வந்த தேசியக் காவற்படை அதிகாரி ஒருவர் கன்னியர் மடத்து முற்றத்துக்குள் ஓடி வந்துவிட்டார். துப்பாக்கிகளுக்கும் அவருக்கும் நடுவே ரோசாலி வந்து நின்று, இந்த இடத்தில் கொலை நடவாது என்று தடுத்து, முழந்தாளிட்டு அவருடைய உயிரைப் பிச்சை கேட்டார். துப்பாக்கி ஏந்தியவர்கள் அவர் கையால் ரொட்டி வாங்கியவர்கள். தலை கவிழ்ந்து திரும்பினார்கள். அதே ரோசாலி, கலகம் அடங்கிய பிறகு, அரசாங்கம் வேட்டையாடிய கலகக்காரர்களைத் தப்புவிக்கவும் பாடுபட்டார். 1856-ஆம் ஆண்டு பிப்ரவரி 7-ஆம் தேதி அவர் காலமானபோது அந்தப் பகுதி முழுவதும் திரண்டு வந்தது. மோன்பர்னாஸ் மயானத்தில் உள்ள அவருடைய கல்லறையை எழுப்பியவர்கள் ஏழைகளும் செல்வர்களுமாகிய நண்பர்கள் என்று அதன்மேலேயே பொறித்திருக்கிறது. பூ வைக்கப்படாத நாளே அதற்கு இல்லை என்று கேள்வி; நான் போன தினத்திலும் சாமந்திப் பூங்கொத்து ஒன்று இருந்தது.

இந்த மாதிரிப் பரோபகாரத்தைப் பற்றி எனக்கு நெடுங்காலமாக ஒரு சந்தேகம் உண்டு. வயிறு நிறைந்தவன் வயிறு காய்ந்தவனின் வீட்டுக்குள் நுழைந்து, அடுப்பையும் படுக்கையையும் பார்வையிட்டு, இவன் தகுதியுள்ள ஏழையா, தகுதியற்ற ஏழையா என்று தரம் பிரித்துச் சீட்டுக் கொடுக்கும் அதிகாரத்தை யார் கொடுத்தது? பத்தொன்பதாம் நூற்றாண்டின் தருமச் சங்கங்கள் பலவற்றில் இந்த அகம்பாவம் புரையோடியிருந்தது உண்மை. கொடுக்கிறவனுக்குப் புண்ணியம் சேர்ந்துகொண்டே போக, வாங்குகிறவனுக்கு வறுமையோடு கூச்சமும் சேர்ந்துகொண்டே போகும். பாரிஸில் இன்று அதே பணி எவ்விதம் நடக்கிறதென்று நேரில் பார்த்தால் இந்தச் சந்தேகம் தெளியுமோ என்னவோ என்று எண்ணித்தான் அன்று மாலை தென்கரையிலுள்ள ஒரு பங்கின் கூடத்துக்குப் போனேன்.

2008-ஆம் ஆண்டிலிருந்து பாரிஸ் மறைமாவட்டத்துப் பங்குகள் பல குளிர்காலத்தில் தங்கள் கூடங்களைத் தெருவாசிகளுக்குத் திறந்துவிடுகின்றன. ‘இவேர் சொலிதேர்’ என்று பெயர். நூற்றுக்கணக்கில் அடைக்கும் சத்திரம் அல்ல. ஒரு பங்குக்குச் சிலரே விருந்தாளிகள், பனிக்காலம் முடியும்வரை அதே ஆட்கள். பங்கைச் சேர்ந்தவர்கள் முறைவைத்துச் சமைக்கிறார்கள். ஒரே மேசையில் கூட உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். அவர்களில் ஓரிருவர் இரவு அங்கேயே படுத்து உறங்குகிறார்கள். நான் போனபோது மெழுகுத்துணி விரித்த நீண்ட மேசைமேல் காய்கறி ரசமும் ரொட்டியும் வந்திருந்தன. சுவரோரமாக மடக்குக் கட்டில்கள். ஒவ்வொன்றின் தலைமாட்டிலும் அவரவர் பை, அதன்மேல் அவரவர் காலணி. ரசத்தில் உப்பில்லை என்று ஒரு பெரியவர் பலமாகக் குறைகூறினார். சமைத்த அம்மாள், போன வாரம் உப்பு அதிகம் என்று சொன்னதும் நீர்தானே என்று திருப்பிக் கொடுத்தார். மேசை முழுவதும் சிரித்தது. தருமம் வாங்குகிறவன் உப்பைப் பற்றிப் பேசத் துணிகிற இடத்தில் என்னுடைய சந்தேகம் பாதி கரைந்துவிட்டது.

பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்த இளைஞர் குன்றின்மேல் சட்டம் படிப்பவர். அவரோடு கூட நின்று துடைத்துக்கொண்டே விசாரித்தேன். விருந்தாளிகளில் ஒருவருக்கு அரசாங்கப் பத்திரங்கள் வாங்கித்தர அலைந்தபோதுதான், முகவரி இல்லாதவன் இந்த நாட்டில் இல்லாதவன் என்பதைத் தாம் கற்றுக்கொண்டதாகச் சொன்னார். வீடு இல்லையென்றால் முகவரி இல்லை. முகவரி இல்லையென்றால் கடிதம் வராது. கடிதம் வராவிட்டால் உதவித்தொகைக்கு விண்ணப்பிக்க முடியாது, வங்கிக் கணக்குத் திறக்க முடியாது, வேலைக்குச் சேரவும் முடியாது. தெருவாசிகள் ஒரு சங்கத்தின் முகவரியையோ நகராட்சிச் சேவை நிலையத்தின் முகவரியையோ தம்முடையதாகக் காட்டிக்கொள்ளச் சட்டத்தில் இடம் இருக்கிறது. ஆனால் அந்தச் சட்டப்பிரிவு வேண்டியவனுக்கு எட்டுவதற்கு எத்தனை வரிசைகளில் நிற்கவேண்டும் என்பது எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லை என்றார். இந்த நகரத்தில் 1981 முதல் பணியாற்றும் ‘ஓ கப்தீஃப்’ என்ற கத்தோலிக்க சங்கத்தினர் தெருவாசிகளைக் காணப் போகும்போது வேண்டுமென்றே ஒன்றும் எடுத்துக்கொள்ளாமல் வெறுங்கையோடு போவார்கள் என்பதையும் அவர்தான் கூறினார். கையில் பொட்டலம் இருந்தால் பேச்சு பொட்டலத்தைச் சுற்றியே நின்றுவிடும் என்பது அவர்கள் கண்ட அனுபவமாம்.

மறுநாள் பாக் தெருவுக்குப் போனேன். 140-ஆம் எண்ணில் ரோசாலி சார்ந்திருந்த கன்னியர் சபையின் தாய்மடம். அதற்குச் சில வாசல்கள் தள்ளி 128-ஆம் எண்ணில் பாரிஸ் அந்நிய வேதபோதக சபையின் மடம். இந்த இரண்டாவது வாசலைத் தமிழன் சும்மா கடந்துபோக முடியாது. புதுச்சேரியிலும் சேலத்திலும் கும்பகோணத்திலும் கோவில்களையும் பள்ளிகளையும் எழுப்பிய குருமார்கள் இங்கிருந்துதான் கப்பலேறினார்கள். நம் நாட்டு ஜனங்களின் பழக்க வழக்கங்களைப் பற்றிய பெரிய நூலை எழுதியவரும், பரமார்த்த குரு கதையைப் பிரெஞ்சில் தந்தவருமாகிய அபே துபுவா, இந்த மடத்தில் தலைவராக இருந்து 1848-ல் இறந்தார். பக்கத்து சேவ்ர் தெருவில், படியேறிச் சென்று காணும்படி உயரத்தில் வைத்த வெள்ளிப் பேழையில் வின்சென்ட் தே பவுலின் திருவுடல் இருக்கிறது. அதைத் தரிசித்துவிட்டு வோழிரார் தெருவிலுள்ள கார்மேல் ஆலயத்தை அடைந்தேன்.

கார்மேல் ஆலயத்தைச் சூழ்ந்திருப்பது 1875-ல் ஏற்பட்ட கத்தோலிக்க சர்வகலாசாலை. மரத்தடியில் மாணவர்கள் காப்பிக் கோப்பையும் கையுமாகப் பேசிக்கொண்டு நிற்க, ஆலயத்தின் அடியிலுள்ள நிலவறைக்குக் குறிப்பிட்ட வேளையில் சிலரைச் சேர்த்து அழைத்துச் செல்கிறார்கள். பிரெஞ்சுப் புரட்சியின்போது 1792-ஆம் ஆண்டு செப்டம்பரில் இங்கே வெட்டுண்ட நூற்றுக்கு மேற்பட்ட குருமாரின் எலும்புகள் ஒருபுறம்; இன்னொருபுறம் ஓசானாமின் கல்லறை. அதன் மேற்சுவரில் நல்ல சமாரியனின் உவமையைச் சித்திரமாக எழுதியிருக்கிறார்கள். அடிபட்டுக் கிடப்பவனும், குனிந்து அவனைத் தூக்குபவனும்.

அந்தச் சித்திரத்தை அங்கே எழுதியதற்குக் காரணம் இருக்கிறது. வழியில் அடிபட்டவனுடைய காயத்துக்கு எண்ணெய் வார்ப்பது கருணையின் வேலை, அவன் அடிபடாமல் தடுப்பது நியாயத்தின் வேலை என்று பாகுபாடு செய்தவர் ஓசானாம். மாணவப் பருவத்தில் விறகு சுமந்தவர், 1839-ல் லியோன் நகரத்தில் வர்த்தகச் சட்டம் போதிக்கும்போது கூலியைப் பற்றியே பேசினார். அந்நகரத்துப் பட்டு நெசவாளர்கள் 1831-லும் 1834-லும் கூலி கேட்டுக் கிளர்ந்தெழுந்து சுடப்பட்டவர்கள். முதலாளி தொழிலாளியை மனிதனாகக் கருதாமல், குறைந்த விலையில் நிறைந்த வேலை வாங்கும் கருவியாகக் கருதுவது சுரண்டல் என்றும், தொழிலாளியின் வயிற்றுக்கும், பிள்ளைகளின் படிப்புக்கும், முதுமைக்கும் போதுமானதே நியாயமான கூலி என்றும் அவர் வாதித்தார். திருத்தந்தை பதின்மூன்றாம் லியோ தொழிலாளர் நிலைபற்றிய தம் புகழ்பெற்ற சுற்றுமடலை வெளியிட்டது அதற்கு அரை நூற்றாண்டுக்குப் பின், 1891-ல்.

பிற்பாடு சோர்போனில் அந்நிய இலக்கியப் பேராசிரியராகித் தாந்தேயின் காவியத்தை விளக்கிப் புகழ்பெற்ற காலத்திலும் படியேறுவதை அவர் விடவில்லை. 1848 ஜூன் கலகத்தில், மேலே சொன்ன ரோசாலியின் முற்றத்துச் சம்பவம் நடந்த அதே தினங்களில், இரு தரப்புக்கும் நடுவே சமாதானம் பேசும்படி பேராயர் தெனி ஆஃப்ரைத் தூண்டியவர்களில் ஓசானாமும் ஒருவர். பேராயர் ஜூன் 25-ஆம் தேதி தடுப்பரண் அருகே சென்று குண்டடிபட்டு, இரண்டு நாளில் உயிர் நீத்தார். கலகம் நசுக்கப்பட்டதும் செல்வர்கள் நிம்மதிப் பெருமூச்சு விட்டபோது, நீங்கள் கலகத்தைத்தான் வென்றீர்கள், அதைப் பெற்றெடுத்த தரித்திரத்தை இன்னும் பார்க்கவே இல்லை என்ற கருத்தில் பத்திரிகையில் எழுதினார். மதத்தின் பாதுகாப்பை அரசாங்கத்தின் தோளில் சாய்த்துவைக்க விரும்பிய கத்தோலிக்கர்களுக்கு அது பிடிக்கவில்லை. நோயால் தளர்ந்து 1853 செப்டம்பர் 8-ஆம் தேதி மார்செய் நகரத்தில் நாற்பதாம் வயதில் இறந்தார். 1997-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 22-ஆம் தேதி திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல், நோத்ருதாம் பேராலயத்தில் அவரை அருளாளர் வரிசையில் சேர்த்தார்.

நிலவறையிலிருந்து வெளியேறும்போது என்னுடைய சந்தேகத்தின் மறுபாதிக்கு விடை தெரியத் தொடங்கியது. நியாயம் கேட்பதற்குச் சாட்சி வேண்டும். சாட்சி சொல்கிறவன் நேரில் கண்டிருக்க வேண்டும். ரொட்டிச் சீட்டு மறுநாளே தீர்ந்துபோகும். சீட்டைக் கொடுக்கப் போனவன் கண்டு வந்த காட்சி தீராது. அது அவனை உறங்கவிடாது. காரணம் கேட்கத் தூண்டும். லியோன் வகுப்பறையில் கூலியைப் பற்றிப் பேசியது சேன் மார்சோவின் படிக்கட்டுகளை ஏறிய மனிதர்தான். கொடுத்ததோடு திருப்தியடைந்து திரும்பியவர்களுக்குத் தருமம் அகம்பாவமாயிற்று. கண்டதை மறவாதவர்களுக்கு அதுவே நியாயத்தின் வாயிலாயிற்று.

ஆனால் சாட்சி சொல்லும் உரிமை என்றைக்கும் வந்து பார்ப்பவனுக்கே உரியதா? இதற்கு விடை பாரிஸின் மேற்குப் பகுதியில், ஐஃபல் கோபுரத்துக்கு எதிரே திரொக்காதெரோ மேட்டில் இருக்கிறது. மனித உரிமைப் பிரகடனம் 1948-ல் நிறைவேறிய ஷாயோ மாளிகையின் முற்றத்தில், படம் எடுத்துக்கொள்ளும் கூட்டத்தின் காலடியில், பதித்த கல் ஒன்று. ஜோசப் விரெசின்ஸ்கி என்ற குருவானவர் 1987 அக்டோபர் 17-ஆம் தேதி அதைத் திறந்துவைத்தார். வறுமையில் வாழும்படி மனிதர்கள் தண்டிக்கப்படும் இடத்தில் மனித உரிமைகளே மீறப்படுகின்றன என்பது அதில் பொறித்த வாசகத்தின் சாரம். அந்தத் தினத்தை 1992-ல் ஐக்கிய நாடுகள் சபை வறுமை ஒழிப்புத் தினமாக ஏற்றுக்கொண்டது.

விரெசின்ஸ்கி பிறக்கும்போதே ஏழை. படியேறிப் போய்ப் பார்க்கவேண்டிய அவசியம் அவருக்கு இருக்கவில்லை. 1956-ல் நுவாசி லெ கிரான் என்ற இடத்து முகாமுக்கு அவரை அனுப்பினார்கள். வீடற்ற 250 குடும்பங்கள் அங்கே சேற்றின் நடுவில் கவிழ்த்த கூடைபோன்ற குடில்களில் கிடந்தன. அவர் செய்த முதற்காரியங்களில் ஒன்று, இலவசக் கஞ்சி வழங்குவதை நிறுத்தியது. அதற்குப் பதிலாக நூல்நிலையம், குழந்தைகள் பள்ளி, தொழிற்கூடம். பசித்தவனுக்குப் புத்தகமா என்று நல்லவர்களே பழித்தார்கள். கையேந்தும் பழக்கம் வயிற்றைக் காட்டிலும் ஆழமான இடத்தில் மனிதனைக் கொன்றுவிடும் என்பதை அனுபவித்தே அறிந்தவர் அவர். அந்த முகாமுக்கு 1958-ல் வந்தார் ஜெனவியேவ் தெ கோல். நாஜிகளின் ராவன்ஸ்புரூக் வதைமுகாமிலிருந்து உயிர் பிழைத்தவர். ஜெனரல் தெ கோலின் தமையனுடைய மகள். வதைமுகாமில் தாம் கண்ட முகங்களையே இங்கும் கண்டதாகச் சொன்ன அந்த அம்மையார், விரெசின்ஸ்கி அங்கே தொடங்கிய இயக்கத்துக்குப் பின்பு முப்பது ஆண்டுகளுக்கு மேல் தலைமை தாங்கி, புறக்கணிப்புக்கு எதிரான சட்டம் 1998 ஜூலையில் நிறைவேறும்வரை ஓயவில்லை. 2015-ல் தேசம் அவரைப் பாந்தெயோனில் சேர்த்துக்கொண்டது.

திரொக்காதெரோ கல்லின் அருகே மாதந்தோறும் 17-ஆம் தேதி ஒரு சிறு கூட்டம் கூடுகிறது. அங்கே வறுமையில் வாழ்கிறவர்களே எழுந்து தம் அனுபவத்தைக் கூறுகிறார்கள். படித்தவர்கள் கேட்டுக்கொண்டு நிற்கிறார்கள். நூற்றைம்பது வருஷத்தில் தருமத்தின் உருவம் மாறியிருப்பதை இதைக்காட்டிலும் தெளிவாக வேறு எங்கும் காணமுடியாது. முதலில் மாணவன் ஏழையின் வீட்டுக்குப் போனான். பிறகு ஏழைக்காகப் பேசினான். இப்போது ஏழை பேச, அவன் காது கொடுக்கிறான். இந்த மூன்றாம் நிலை முதல் நிலையைத் தள்ளிவிட்டு வந்ததன்று. பங்குக் கூடத்தில் உப்பைப் பற்றிக் குறைகூறக் கற்றவனே பொதுச் சபையில் கூலியைப் பற்றியும் வாடகையைப் பற்றியும் பேசுவான்.

நம் ஊர்ப் பங்குகளில் வாரந்தோறும் வாசிக்கப்படும் அந்த நோட்டுப் புத்தகத்தைப் பற்றி எனக்கு ஒரு யோசனை உண்டு. போன வீடு, கண்ட குறை, கொடுத்த அரிசி என்று அதில் எழுதிவருகிறோம். அந்தக் குறை ஏன் வந்தது என்பதற்கும் ஒரு பத்தி ஒதுக்கி, அதை அந்த வீட்டாரின் வாயாலேயே கேட்டு, அவர்கள் சொன்னபடியே எழுதினால் என்ன? கொடுக்காமல் நின்ற கூலி, கிடைக்காமல் போன பட்டா, வட்டிக்குப் போன நகை, மருத்துவச் செலவில் மூழ்கிய வீடு என்று அது ஓராண்டில் நிரம்பிவிடும். நிரம்பிய புத்தகத்தைப் பங்கிலுள்ள சட்டம் படித்த பிள்ளையிடமும் பொருளாதாரம் படித்த பெண்ணிடமும் கொடுத்து, அந்த வீட்டாரையும் கூட உட்காரவைத்து வாசிக்கச் சொல்லவேண்டும். அரிசி கொடுப்பதை அதற்காக நிறுத்தவேண்டியதில்லை.